புகையானும் சிலந்தியும்: நெல்வயலில் ஒரு கணக்கு

முன்னுரை

எங்கள் வீட்டின் பின்கட்டில் மருந்துத் தெளிப்பான் ஒன்று எப்போதும் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். முதுகில் மாட்டிக்கொள்ளும் வகை. பதினாறு லிட்டர் பிடிக்கும். என் அப்பா கெடா மாநிலத்து நெல்வயல்களில் கூலிக்கு மருந்து தெளிப்பவர். எங்களுக்குச் சொந்தமாக ஒரு சாண் வயல்கூடக் கிடையாது. தாத்தா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தை விட்டு வெளியேறிய பிறகு அப்பா பார்த்த பல வேலைகளுள் நிலைத்து நின்றது இதுதான். கூலி ரெலோங் கணக்கில் வரும். ஒரு ரெலோங் என்பது முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அந்தக் கூலியில்தான் நான் தமிழ்ப்பள்ளியிலும் பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்து, இன்று கணிதத் துறையில் இறுதியாண்டு மாணவியாக இருக்கிறேன்.

இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடியபோது, விரிவுரையாளர் கொடுத்த பட்டியலில் 'நெற்பயிரில் பூச்சிக் கட்டுப்பாட்டுக்கான கணித மாதிரி' என்ற தலைப்பு கண்ணில் பட்டது. அப்பாவின் வேலையைப் பற்றியதுதானே, எளிதாக இருக்கும் என்று எண்ணி எடுத்துக்கொண்டேன். மூன்றாம் வாரத்திலேயே, கணக்கு அப்பாவின் வேலைக்கு எதிராகப் பேசத் தொடங்கிவிட்டது. மருந்து தெளித்தால் பூச்சி குறையும் என்றுதான் நாம் எல்லாரும் நினைக்கிறோம். சில வேளைகளில் தெளிப்பதாலேயே பூச்சி கூடும் என்று அந்தக் கணக்குச் சொல்கிறது.

அது எப்படி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். கணிதத் துறையைச் சாராத நண்பர்கள் அஞ்ச வேண்டாம். பெருக்கலும் கழித்தலும் தெரிந்தால் போதும். கைப்பேசியில் உள்ள கணிப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் நன்று.

புகையான் என்னும் பூச்சி

நெல்லைத் தாக்கும் பூச்சிகள் பல. தண்டைத் துளைக்கும் புழு, இலையைச் சுருட்டும் புழு, பால்பிடிக்கும் கதிரை உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி எனப் பட்டியல் நீளும். என் ஆய்வுக்கு நான் தேர்ந்தெடுத்தது ஒரே ஒரு பூச்சி. அப்பா அதனை மலாய்மொழியில் 'பெனா பெராங்' என்பார். என் விரிவுரையாளர் ஆங்கிலப் பெயரால் குறிப்பிடுவார். இதற்குத் தமிழில் என்ன பெயர் என்று தேடியபோது, தமிழ்நாட்டு உழவர்கள் இதனைப் 'புகையான்' என்று அழைப்பது தெரியவந்தது. எவ்வளவு பொருத்தமான பெயர்! இப்பூச்சி மிகுந்துவிட்டால் வயலின் நடுவே வட்ட வட்டமாகப் பயிர் காய்ந்து, தீயில் புகைந்ததுபோல் நிறம் மாறிவிடும். பூச்சியின் பெயரிலேயே அது செய்யும் சேதமும் அடங்கியிருக்கிறது.

புகையான் ஓர் அரிசி மணியைவிடச் சிறியது. பயிரின் அடிப்பாகத்தில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தண்டோடு ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். மேலிருந்து பார்த்தால் வயல் பச்சைப் பசேலென்று இருக்கும். கீழே ஆயிரக்கணக்கில் அமர்ந்திருக்கும். பயிரை ஒரு தட்டுத் தட்டினால் தண்ணீரில் உதிரும். அப்போதுதான் எண்ண முடியும். ஒரு பெண் பூச்சி இருநூறுக்கும் மேற்பட்ட முட்டைகளை இடக்கூடும். அவற்றை அது இலையுறையின் திசுக்குள் செருகி வைக்கிறது. ஒரு வாரம் கடந்ததும் குஞ்சுகள் வெளிவரும். மேலும் இரண்டு வாரங்களில் அவை முழுவளர்ச்சி அடையும். சிறகு நீண்ட வகை, சிறகு குட்டையான வகை என இரு வடிவங்கள் உண்டு. நீள்சிறகுப் பூச்சிகள் காற்றோடு சேர்ந்து நெடுந்தூரம் பறக்க வல்லவை; இந்தோசீனப் பகுதியிலிருந்து சீனா, ஜப்பான் வரை ஆண்டுதோறும் இவை இடம்பெயர்கின்றன.

முற்காலத்தில் புகையான் இவ்வளவு பெரிய பகைவனாக இருந்ததில்லை. 1966இல் பிலிப்பைன்சிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சிக் கழகம் ஐ.ஆர்.8 என்ற குட்டைரக நெல்லை வெளியிட்டது. அதனைத் தொடர்ந்து ஆசியா முழுவதும் புதிய ரகங்களும் செயற்கை உரமும் பூச்சிமருந்தும் ஒரே தொகுப்பாக உழவர்களைச் சென்றடைந்தன. நம் நாட்டிலும் மூடா நீர்ப்பாசனத் திட்டம் 1970ஆம் ஆண்டளவில் செயல்படத் தொடங்கியதும், கெடா–பெர்லிஸ் சமவெளியில் ஆண்டுக்கு ஒரு போகமாக இருந்தது இரு போகமாயிற்று. விளைச்சல் பெருகியது உண்மை. அதே வேளை, பூச்சிக்கும் ஆண்டு முழுவதும் உணவு கிடைத்தது. 1970களில் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளில் புகையான் பேரளவில் வயல்களை அழித்தது. புதிரான செய்தி என்னவென்றால், அதிகம் மருந்து தெளித்த வயல்களே பெரும்பாலும் அதிகம் அழிந்தன.

கடலில் தொடங்கிய கணக்கு

இப்புதிருக்கான விடை, அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, ஒரு கடலோரத்தில் கிடைத்துவிட்டது. உம்பெர்த்தோ தங்கோனா என்ற இத்தாலிய விலங்கியலாளர், அத்ரியாட்டிக் கடற்கரை நகரங்களின் மீன்சந்தைக் கணக்கேடுகளை ஆராய்ந்தார். முதல் உலகப்போர் ஆண்டுகளில் மீன்பிடித் தொழில் குறைந்திருந்தது. அந்த ஆண்டுகளில் பிடிபட்ட மீன்களில் சுறா போன்ற வேட்டை மீன்களின் விகிதம் கூடியிருந்தது. மனிதன் வலை வீசுவதைக் குறைத்தால் எல்லா மீன்களும் சமமாகத்தானே பெருக வேண்டும்? வேட்டை மீன்கள் மட்டும் ஏன் கூடுதலாக ஆதாயம் பெற்றன?

அவர் இக்கேள்வியைத் தம் மாமனாரிடம் கேட்டார். மாமனார் வித்தோ வொல்தேரா, இத்தாலியின் புகழ்பெற்ற கணித அறிஞர். 1926இல் வொல்தேரா இரண்டே சமன்பாடுகளில் விடை சொன்னார். ஒன்று இரைக்கு, மற்றொன்று வேட்டையாடிக்கு. இதே சமன்பாடுகளை அமெரிக்காவில் ஆல்பிரட் லோட்கா என்பவர் 1925இல் தனியாகக் கண்டறிந்து எழுதியிருந்தார். ஆகவே இன்று இவை லோட்கா–வொல்தேரா சமன்பாடுகள் எனப்படுகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இவ்வகையை 'வகைக்கெழுச் சமன்பாடு' என்கின்றன. ஓர் அளவு எவ்வளவு வேகத்தில் மாறுகிறது என்பதைச் சொல்லும் சமன்பாடு என்று புரிந்துகொண்டால் போதும்.

சுறாவின் இடத்தில் சிலந்தியையும், சிறு மீனின் இடத்தில் புகையானையும், மீனவர் வலையின் இடத்தில் மருந்துத் தெளிப்பானையும் வைத்துப் பாருங்கள். அதுதான் நெல்வயல். நெல்வயலில் சிலந்திகள் பலவகை உண்டு. வலை பின்னிக் காத்திருப்பவை சில. ஓநாய்ச் சிலந்தி என்னும் வகையோ வலை பின்னாது, தண்ணீரின் மேலேயே ஓடி ஓடி வேட்டையாடும். புகையானின் முட்டைகளைக் குத்தி உறிஞ்சும் ஒருவகைப் பச்சை நாவாய்ப்பூச்சியும் உண்டு. எளிமை கருதி இவை எல்லாவற்றையும் நான் 'சிலந்தி' என்ற ஒரே பெயரில் அடக்குகிறேன்.

கைக்கணக்காக ஒரு மாதிரி

ஒரு குத்து நெற்பயிரில் உள்ள எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு ஒரு முறை கணக்கிடுவோம். விதிகள் இரண்டே.

முதல் விதி: அடுத்த வாரப் புகையான் = இந்த வாரப் புகையான் × (2 − 0.5 × சிலந்தி)

இரண்டாம் விதி: அடுத்த வாரச் சிலந்தி = இந்த வாரச் சிலந்தி × (0.8 + 0.05 × புகையான்)

இவ்விதிகளின் பொருள் இதுதான். சிலந்தியே இல்லாவிட்டால் புகையான் வாரந்தோறும் இரட்டிப்பாகும். ஒவ்வொரு சிலந்தியும் அந்தப் பெருக்கத்தில் 0.5ஐக் குறைக்கும். புகையானே இல்லாவிட்டால் சிலந்தி வாரத்துக்கு 100க்கு 20 வீதம் குறையும். பட்டினியால் சாகும் அல்லது வேறிடம் போகும். புகையான் கூடக் கூடச் சிலந்தியும் பெருகும். இங்கே உள்ள எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. எந்த வயலிலும் அளந்தவை அல்ல.

குத்துக்கு 4 புகையானும் 2 சிலந்தியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் விதியில் 2 − 0.5 × 2 = 1; ஆகவே அடுத்த வாரமும் புகையான் 4தான். இரண்டாம் விதியில் 0.8 + 0.05 × 4 = 1; சிலந்தியும் 2தான். யாரும் கை வைக்காவிட்டால் இந்தச் சமநிலை அப்படியே நீடிக்கும். நான்கு புகையானால் பயிருக்குப் பெரிய கேடு எதுவும் இல்லை என்றும் வைத்துக்கொள்வோம்.

இப்போது வயல்காரர் பூச்சியைப் பார்த்துப் பயந்து மருந்து தெளிக்கச் சொல்கிறார். மருந்துக்கு நண்பன் யார், பகைவன் யார் என்று தெரியாது. இரண்டிலும் 100க்கு 75 செத்துவிடுகின்றன. மிஞ்சுவது புகையான் 1, சிலந்தி 0.5, அதாவது இரண்டு குத்துக்கு ஒரு சிலந்தி. இனி விதிகளின்படி வாரம் வாரமாகப் பெருக்கிக்கொண்டே போவோம்.

தெளித்த அன்று: புகையான் 1.0, சிலந்தி 0.50
1ஆம் வாரம்: புகையான் 1.8, சிலந்தி 0.43
2ஆம் வாரம்: புகையான் 3.1, சிலந்தி 0.38
3ஆம் வாரம்: புகையான் 5.7, சிலந்தி 0.36
4ஆம் வாரம்: புகையான் 10.3, சிலந்தி 0.39
5ஆம் வாரம்: புகையான் 18.6, சிலந்தி 0.51
6ஆம் வாரம்: புகையான் 32.4, சிலந்தி 0.89

முதல் இரண்டு வாரங்கள் மருந்து வேலை செய்ததுபோல் தெரிகிறது. வயல்காரர் மகிழ்கிறார். மூன்றாம் வாரத்தில் பூச்சி பழைய நிலையைத் தாண்டிவிடுகிறது. ஆறாம் வாரத்தில், தெளிக்காமல் விட்டிருந்தால் 4ஆக இருந்திருக்க வேண்டியது எட்டு மடங்காகி நிற்கிறது. அவ்வேளையில் சிலந்தி பெருகத் தொடங்கிவிட்டது என்பது உண்மைதான். ஆனால் காலம் கடந்த உதவி அது. இதற்குள் பயிர் புகைந்துவிடும்.

அதற்கு முன்பே, நான்காம் வாரத்தில் 10 பூச்சியைக் கண்டதும் வயல்காரர் மறுபடியும் தெளிக்கச் சொல்வார் என்பதுதான் நடைமுறை. அதையும் கணக்கிட்டேன். அந்தத் தெளிப்புக்குப் பின் புகையான் 2.6, சிலந்தி ஏறக்குறைய 0.1. இரண்டே வாரத்தில் புகையான் 9.8ஐ எட்டிவிடுகிறது. முதல் தெளிப்புக்குப் பின் இரண்டு வாரத்தில் 3.1 மடங்காகப் பெருகிய பூச்சி, இரண்டாம் தெளிப்புக்குப் பின் அதே இரண்டு வாரத்தில் 3.8 மடங்காகப் பெருகுகிறது. ஏனெனில், தடுக்க வேண்டிய சிலந்தி பத்துக் குத்துக்கு ஒன்று என்றாகிவிட்டது. இனித் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

சராசரி சொல்லும் செய்தி

வொல்தேரா கண்டுபிடித்தது இதைவிட ஆழமானது. ஒரு தடவை தெளிப்பதை விட்டுவிட்டு, வாரந்தோறும் இருதரப்பிலும் 0.2 பங்கு சாகும்படி தொடர்ந்து தெளிப்பதாகக் கொள்வோம். புதிய சமநிலை எங்கே அமையும்?

புகையான் கூடாமல் குறையாமல் நிற்க வேண்டுமானால், அதன் பெருக்கமாகிய 1இலிருந்து மருந்து 0.2ஐ எடுத்துக்கொள்ள, மீதி 0.8ஐச் சிலந்தி எடுக்க வேண்டும். ஒரு சிலந்தி 0.5 எடுக்கும், ஆகவே 1.6 சிலந்தி போதும். சிலந்தி நிலையாக நிற்க வேண்டுமானால், இயற்கை இழப்பு 0.2, மருந்தால் இழப்பு 0.2, ஆக மொத்தம் 0.4ஐ ஈடுகட்டும் அளவுக்கு உணவு வேண்டும். ஒரு புகையான் 0.05 தரும், ஆகவே 8 புகையான் வேண்டும். முன்பு 4 புகையான், 2 சிலந்தி. இப்போது 8 புகையான், 1.6 சிலந்தி. தொடர்ந்து மருந்து தெளித்ததன் பயன், பூச்சி இரு மடங்கானது!

இங்கேதான் நான் வியந்து நின்றேன். புகையானின் அளவைத் தீர்மானிப்பது புகையானின் சமன்பாடு அன்று, சிலந்தியின் சமன்பாடு. சிலந்தி உயிர்வாழ எவ்வளவு புகையான் தேவையோ, அவ்வளவு புகையான் வயலில் இருக்கும். சிலந்தியின் வாழ்க்கையை நாம் கடினமாக்கினால், வயலில் புகையான் அதிகம் தேவைப்படும். மருந்து சிலந்தியைத் தொடாமல் புகையானை மட்டுமே கொல்வதாக வைத்துப் பார்த்தாலும், சமநிலையில் புகையான் 4தான். சிலந்தி மட்டும் 1.6ஆகக் குறைகிறது. அத்ரியாட்டிக் கடலில் நடந்ததும் இதுவே. வலை குறைந்தபோது சுறா வாழ்ந்தது. வயலில் மருந்து குறைந்தால் சிலந்தி வாழும்.

மாதிரி அறியாதவை

இக்கணக்கை முதன்முறை காட்டியபோது என் விரிவுரையாளர் பாராட்டவில்லை. "உங்கள் மாதிரிக்குத் தெரியாதது என்னென்ன? முதலில் அதை எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார். எழுதிப் பார்த்தேன்.

முதலாவது, முட்டை. என் விதிகளில் பூச்சி பிறந்த உடனேயே பெருகத் தொடங்குகிறது. உண்மையில் இலையுறைக்குள் இருக்கும் முட்டைகள் மேலே தெளிக்கும் மருந்துக்குப் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. தெளித்த சில நாளில் குஞ்சுகள் வெளிவரும்போது அவற்றை உண்ண ஆளில்லை. எனவே முட்டைக்கென்று தனிச் சமன்பாடு ஒன்றும், ஒரு வாரக் காலதாமதமும் சேர்க்க வேண்டியிருந்தது. சேர்த்தபோது, தெளித்த பிறகு வரும் பெருக்கம் மேலும் கூர்மையாயிற்று.

இரண்டாவது, சிலந்தியின் சாப்பாடு. சிலந்தி புகையானை மட்டும் உண்பதில்லை. ஜாவாத் தீவின் வயல்களில் நடந்து 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நடவு முடிந்த தொடக்க வாரங்களில் வயல்நீரில் மக்கும் பொருளை உண்டு வாழும் கொசுப்போன்ற சிறு பூச்சிகள் ஏராளமாகத் தோன்றுவதையும், அவற்றை உண்டே சிலந்திகள் புகையான் வருவதற்கு முன்னரே பெருகிவிடுவதையும் எடுத்துக்காட்டியது. பயிருக்குத் தீங்கு செய்யாத அந்தப் பூச்சிகள்தாம் காவற்காரனுக்குக் கஞ்சி ஊற்றுகின்றன. தொடக்கத்திலேயே மருந்து தெளித்தால் அந்தக் கஞ்சியும் போய்விடும்.

மூன்றாவது, உரம். தழைச்சத்து உரத்தை அளவுக்கு மீறி இட்டால் புகையான் அதிகம் பெருகும். அதாவது என் முதல் விதியிலுள்ள 2 என்ற எண் நிலையானதன்று. யூரியா மூட்டையைப் பொறுத்து ஏறும்.

நான்காவது, காற்று. அக்கம்பக்கத்து வயல்களிலிருந்து பூச்சி ஒரே இரவில் பறந்து வந்து இறங்கலாம். அப்போது சிலந்தியால் ஈடுகொடுக்க முடியாமற்போகலாம். ஆகவே, எந்தக் காலத்திலும் மருந்தே கூடாது என்று என் மாதிரி சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு தெளிக்காதே என்பதுதான் அது சொல்வது.

வயல்கள் அளித்த சான்று

காகிதத்தில் உள்ள கணக்கு வயலில் நிற்குமா? பீட்டர் கென்மோர் என்ற ஆய்வாளர் 1970களின் இறுதியில் பிலிப்பைன்சில் இதனை நேரில் சோதித்தார். மருந்து படாத வயல்களில் சிலந்தி முதலிய எதிரிகள் புகையானைத் தாழ்ந்த நிலையிலேயே வைத்திருந்தன. தெளித்த வயல்களில் அது பன்மடங்கு பெருகியது.

இந்தோனேசியா இதனை நாட்டளவில் செயல்படுத்தியது. மருந்தின் விலையில் பெரும்பகுதியை அரசே ஏற்றிருந்த நாடு அது. 1986இல் அதிபர் ஆணை ஒன்றின் மூலம் 57 வகைப் பூச்சிமருந்துகள் நெல்வயலுக்குத் தடைசெய்யப்பட்டன. மருந்துக்கான உதவித்தொகையும் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1989இல் நிறுத்தப்பட்டது. அதனால் நெல் விளைச்சல் சரிந்துவிடவில்லை. அதே 1989இல் 'உழவர் வயல்வெளிப் பள்ளி' என்ற திட்டம் தொடங்கியது. உழவர்கள் வாரம் ஒருமுறை கூடி, வயலில் இறங்கிப் பூச்சியையும் சிலந்தியையும் எண்ணி, தாளில் வரைந்து, தெளிப்பதா வேண்டாமா என்று தாங்களே முடிவெடுத்தார்கள்.

வியட்நாமின் மேகோங் வடிநிலத்தில் 1990களில் இன்னொரு முயற்சி நடந்தது. விதைத்த முதல் நாற்பது நாள்களில் இலைதின்னும் பூச்சிகளுக்காக மருந்து தெளிக்க வேண்டியதில்லை என்ற ஒரே செய்தி, வானொலி நாடகங்கள் வழியாகவும் உழவர்களிடம் கொண்டு செல்லப்பட்டது. இளம்பயிர் இழந்த இலையை மீண்டும் வளர்த்துக்கொள்ளும் என்பதே அதன் அடிப்படை. இம்முயற்சியின் முன்னோடிகளுள் ஒருவர் கே. எல். ஹியோங் என்ற பூச்சியியல் அறிஞர். அவர் நம் மலேசியர் என்பது நமக்குப் பெருமை.

எப்போது தெளிக்கலாம்?

இக்கேள்விக்கும் கணிதத்தில் விடை உண்டு. 1959இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நான்கு ஆய்வாளர்கள் ஓர் எளிய கருத்தை முன்வைத்தனர். பூச்சியால் வரும் இழப்பு, தெளிக்கும் செலவை மிஞ்சும்போது மட்டுமே தெளிப்பதில் பொருள் உண்டு. தமிழில் இதனைப் 'பொருளாதாரச் சேதநிலை' என்பர்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு ரெலோங்குக்கு மருந்தும் கூலியும் சேர்த்து 45 ரிங்கிட் என்றும், நெல் கிலோவுக்கு 1 ரிங்கிட் 50 காசு என்றும் கொள்வோம். 45ஐ 1.50ஆல் வகுத்தால் 30 கிலோ. குத்துக்கு ஒரு புகையான் கூடினால் ரெலோங்குக்கு 6 கிலோ நெல் குறையும் என்றால், 30ஐ 6ஆல் வகுக்க 5 கிடைக்கும். மருந்து 100க்கு 80 பூச்சியைத்தான் கொல்லும் என்றால், 5ஐ 0.8ஆல் வகுக்க வேண்டும், விடை 6.25. ஆகவே குத்துக்கு ஆறு வரை பொறுத்திருக்கலாம்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு செலவு விடுபட்டுள்ளது. செத்துப்போன சிலந்தியின் விலை என்ன? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையில் இதற்கான விடையைக் கண்டேன். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் இருந்தாலே சேதநிலை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம். ஒரே ஒரு சிலந்தி, பொறுக்கும் அளவை இரட்டிப்பாக்குகிறது. வொல்தேராவின் சமன்பாடு ஓர் உழவர் நினைவில் வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சுருங்கி அங்கே நிற்கிறது.

அப்பாவின் கேள்வி

பருவ விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது மடிக்கணினியைத் திறந்து அப்பாவிடம் அந்த ஆறு வாரப் பட்டியலைக் காட்டினேன். உள்ளூரப் பயமாகத்தான் இருந்தது. இருபது ஆண்டுகளாக அவர் செய்துவந்த வேலை வீண் என்று மகளே சொல்வதுபோல் ஆகிவிடுமோ என்று தயங்கினேன்.

அப்பா எண்களை ஒவ்வொன்றாக விரல்வைத்துப் பார்த்தார். "இது எனக்குத் தெரியும்மா," என்றார். "காலையில பனி எறங்கியிருக்கும்போது வயலப் பாத்தா, சிலந்தி வலை எல்லாம் வெள்ளை வெள்ளையாத் தெரியும். அடிக்கடி மருந்து அடிக்கிற வயல்ல அது இருக்காது. அந்த வயலுக்குத்தான் மறுபடி மறுபடி கூப்புடுவாங்க."

"தெரிஞ்சும் ஏம்ப்பா சொல்லல?"

"எனக்கு அடிக்கிற ரெலோங்குக்குத்தானே காசு. குனிஞ்சு உக்காந்து எண்ணுறதுக்கு யாரும்மா காசு குடுப்பா?"

என் சமன்பாடுகளில் பூச்சி இருந்தது, சிலந்தி இருந்தது, மருந்தும் நெல்விலையும் இருந்தன. எண்ணுபவர் இல்லை. 'எண்ணிவிட்டுத் தெளி' என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. அந்த எண்ணும் உழைப்புக்குக் கூலி யார் தருவது என்று அப்பா கேட்கும்வரை எனக்குத் தோன்றவே இல்லை.

அன்றிரவே புதுக்கணக்குப் போட்டேன். அந்த 45 ரிங்கிட்டில் தெளிப்பவர் கூலி 20 என்று கொள்வோம். வாரம் ஒருமுறை எண்ணித் தருவதற்கு ரெலோங்குக்கு 5 ரிங்கிட் கொடுத்தால், ஆறு வாரத்துக்கு 30. இந்த எண்ணிக்கையால் ஒரே ஒரு தேவையற்ற தெளிப்பைத் தவிர்த்தாலும் வயல்காரருக்கு 15 ரிங்கிட் மிச்சம். கூலிக்காரருக்கும் 20க்குப் பதில் 30. சிலந்தி உயிரோடு இருப்பதன் ஆதாயம் தனி. எண்ணிய பின்னும் தெளிக்கத்தான் வேண்டும் என்று வந்தால் இருசெலவும் சேரும்; அதையும் மறைக்காமல் எழுதி வைத்தேன்.

அப்பா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஆனால் மறுநாள் அவரே, "நம்ம ஏரியாவுல பெரும்பாலும் தூவி வெதைக்கிறதுதான். குத்துக் கணக்கு சரிப்பட்டு வராது. ஒரு சாண் சதுரத்துல கம்பிச் சட்டம் செஞ்சுக்கிட்டா, அதுக்குள்ள தட்டி எண்ணலாம்" என்றார். என் ஆய்வறிக்கையின் செய்முறைப் பகுதியில் இன்று அந்தச் சட்டம் இடம்பெற்றுள்ளது.

முடிவுரை

இப்போது பல வயல்களில் ட்ரோன் வந்து மருந்து தெளிக்கிறது. அப்பாவின் தெளிப்பானுக்கு வேலை குறைந்துவருகிறது. ஆனால் மேலே பறக்கும் ட்ரோனால் பயிரின் அடியைத் தட்டி, தண்ணீரில் விழுவது புகையானா சிலந்தியா என்று பார்க்க முடியாது. அதற்குக் குனியத் தெரிந்த முதுகும் பழகிய கண்ணும் வேண்டும். அத்தகையோர் நம் நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் அறிவுக்கு இன்னும் விலை வைக்கப்படவில்லை.

நம் பல்கலைக்கழக நண்பர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்வேன். நீங்கள் எத்துறையில் ஆய்வு செய்தாலும், எழுதி முடிக்கும் முன் அந்த வேலையைக் கையால் செய்பவர் ஒருவரிடம் அதனைத் தமிழிலோ மலாயிலோ விளக்கிப் பாருங்கள். நாம் விட்டுவிட்ட உறுப்பு எது என்று அவர் சொல்லிவிடுவார்.

அப்பாவுக்குப் பழக்கமான வயல்காரர் ஒருவர், வரும் போகத்தில் இரண்டு ரெலோங்கில் மட்டும் எண்ணிப் பார்க்க இசைந்திருக்கிறார். வாரத்துக்கு ரெலோங்குக்கு 5 ரிங்கிட். கம்பிச் சட்டம் தயார். அப்பா தட்டி எண்ணுவார். நான் விடுமுறையில் இருக்கும் வாரங்களில் நோட்டுப் புத்தகத்தோடு வரப்பில் நிற்பேன். என் ஆறு வாரப் பட்டியல் சரியா தவறா என்பதை இனி வயல் சொல்லட்டும்.